2,000 ரூபாய்க்குள் காதுக்குள் பொருத்தும் இயர்போன்: எதைப் பார்த்து வாங்குவது?

உங்கள் கேள்வியின் சாரம் இது. செங்கல்பட்டிலிருந்து கிண்டிக்குத் தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போய்வருகிறீர்கள்; வழியில் கச்சேரிப் பதிவுகளும் பழைய திரைப்பாடல்களும் கேட்கிறீர்கள்; இடையிடையே அலுவலக அழைப்புகளும் வருகின்றன. உங்கள் போனில் 3.5 மில்லிமீட்டர் ஜாக் இல்லை. இதுவரை வாங்கிய இரண்டு இயர்போன்களும் காதில் நிற்காமல் நழுவியதோடு, சில மாதங்களிலேயே ஒரு பக்கம் கேட்காமலும் போய்விட்டன. ஆகவே 2,000 ரூபாய்க்குள் எந்த மாடல் வாங்கலாம், வயர் உள்ளதா புளூடூத்தா என்று கேட்டிருக்கிறீர்கள். மாடல் பெயர்களைக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் நழுவுவதையும் ஒரு பக்கம் அடைத்துப்போவதையும் நீங்கள் சேர்த்து எழுதியிருப்பதால், கொடுக்கும் பணம் முழுவதும் ஒலியாகக் காதுக்குள் போய்ச்சேர வேண்டும், வாங்கியது சில ஆண்டுகளாவது உழைக்க வேண்டும் என்பதே உங்கள் உண்மையான கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்கு மாடல் பெயர் மட்டும் உதவாது.

நான் மின்னணுவியல் படித்து, ஒலிக்கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்து, பிறகு ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தவன். அந்தப் பழக்கத்தில் தயக்கமின்றிச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: இந்த வகை இயர்போனில் ஒலி எப்படி இருக்கும் என்பதை, அது காதுத் துளையை எவ்வளவு முழுமையாக அடைக்கிறது என்பதே மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாகத் தீர்மானிக்கிறது. காதுத் துளையின் வாய் ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் அகலம். அங்கிருந்து செவிப்பறைவரை ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் நீளம். அதற்குள் இருக்கும் காற்று சுமார் ஒரு மில்லிலிட்டர்தான். டயஃப்ரம் என்னும் அதிரும் சிறிய மெல்லிய தகடு அந்த அளவு காற்றை அழுத்தியும் தளர்த்தியும் மிருதங்கத்தின் கனத்த ஒலியைக்கூட எழுப்பிவிட முடிவதற்குக் காரணம், அந்தக் காற்று அடைபட்டுக் கிடப்பதுதான். ரப்பர் முனைக்கும் தோலுக்கும் நடுவே ஊசி நுழையும் இடைவெளி இருந்தாலும் அழுத்தம் அதன் வழியே கசிந்துவிடும். பஞ்சரான டியூபுக்குக் காற்றடிக்கிற கதைதான். முதலில் போவது தாழ்ந்த ஒலிகள், அதாவது பேஸ். மேல் ஒலிகள் அப்படியே நிற்பதால் கேட்பவருக்கு ‘தகரம் மாதிரி கீச்சென்று கேட்கிறது’ என்று தோன்றும். இயர்போன் மட்டம் என்று முடிவுகட்டி அடுத்ததை வாங்குவார். அதிலும் முனை பொருந்தாவிட்டால் அதே ஒலிதான் கேட்கும்.

உங்கள் காதில் முனை அடைக்கிறதா என்பதை நீங்களே சோதித்துவிடலாம். தனி ஆவர்த்தனம் உள்ள கச்சேரிப் பதிவு ஒன்றை, அமைதியான அறையில், மிதமான ஒலியளவில் ஓடவிடுங்கள். இரண்டு பக்கமும் மாட்டிக்கொண்டு, மிருதங்கத்தின் கனத்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்திலிருந்து வரும் ‘தொம்’மை மட்டும் கவனியுங்கள். பிறகு விரல் நுனியால் ஒரு பக்கத்து இயர்போனை மெதுவாக உள்ளே அழுத்துங்கள். அழுத்திய கணத்தில் ‘தொம்’ கனத்து, விரலை எடுத்ததும் மெலிந்தால், முனை அந்தக் காதுக்குச் சிறியது, அல்லது கோணலாக உட்கார்ந்திருக்கிறது. அழுத்தினாலும் எடுத்தாலும் ஒரே மாதிரி கேட்டால் சரியாக அடைத்திருக்கிறது. வலக் காதில் சரியாக இருந்து இடக் காதில் கசிவது மிகவும் சாதாரணம். ஒருவருடைய இரண்டு காதுத் துளைகளும் அச்சு அசலாக ஒரே அளவில் இருக்க வேண்டுமென்பதில்லை. ஒரு பக்கம் நடுத்தர முனையும் மறுபக்கம் பெரிய முனையும் போட்டுக்கொள்வதில் எந்தத் தவறும் கிடையாது. இன்னொன்றையும் பாருங்கள்: மாட்டிக்கொண்டபடியே வாயைத் திறந்து மூடுங்கள், இரண்டு வாக்கியம் பேசுங்கள். தாடை அசையும்போது காதுத் துளையின் வடிவமும் சற்று மாறும். சும்மா உட்கார்ந்திருக்கும்போது அடைத்து, பேசும்போது கசிந்து, கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தள்ளப்படுகிற முனைதான் நீங்கள் சொல்லும் ‘நழுவுகிற’ இயர்போன். இதற்குப் பலரும் இன்னும் சிறிய முனையை மாற்றிப் பார்க்கிறார்கள். பெரும்பாலும் ஓர் அளவு பெரியதுதான் தேவைப்படும்.

மாட்டும் முறையிலும் விஷயம் இருக்கிறது. காதுத் துளை நேர்க்குழாய் அன்று, வளைந்தது. வலக் காதில் மாட்டும்போது இடக் கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய்க் காது மடலின் மேற்பகுதியைப் பிடித்து மேலும் பின்னுமாக லேசாக இழுத்தால் வளைவு நிமிரும். அந்த நிலையில் முனையைச் சற்றுத் திருகினாற்போல் உள்ளே செலுத்தி, மடலை விட்டுவிட வேண்டும். மடல் தன் இடத்துக்குத் திரும்பும்போது முனையைச் சுற்றித் தோல் படிந்துகொள்ளும். உள்ளே போகும்போது நறுக்கென்று ஒரு சிறு சத்தம் சில மாடல்களில் வரும். அடைபட்ட காற்றின் அழுத்தம் மெல்லிய டயஃப்ரத்தை வளைப்பதால் வருவது அது. மெதுவாக மாட்டினால் குறையும். பெட்டியோடு வரும் மூன்று அளவு சிலிகான் முனைகளும் பொருந்தாவிட்டால், முனைகளைத் தனியாக வாங்கலாம். வாங்குமுன், முனை ஏறி உட்காரும் இயர்போன் குழலின் தடிமனைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மெல்லிய குழலுக்கான முனை தடித்த குழலில் ஏறாது. விரலால் நசுக்கி உள்ளே விட்டால் விரிந்து அடைக்கும் ஃபோம் முனைகள் கோணல்மாணலான காதுகளுக்கு மிக நல்லவை, வெளிச்சத்தத்தையும் நன்றாக மறைக்கும். ஆனால் வியர்வையையும் அழுக்கையும் உறிஞ்சிச் சில மாதங்களில் தளர்ந்துவிடும். மேல் ஒலிகளையும் சற்று மழுக்கும். 2,000 ரூபாய்க்கு இயர்போன் வாங்குவதைவிட, 1,500 ரூபாய்க்கு வாங்கி மீதியில் காதுக்குச் சரியான முனை வாங்குபவர் நல்ல ஒலி கேட்பார் என்பது என் உறுதியான கருத்து.

இந்த அடைப்பு உங்களுக்கு இரட்டிப்பு முக்கியம், ஏனென்றால் நீங்கள் கேட்பது மின்சார ரயிலில். கதவும் சன்னலும் திறந்திருக்கும் பெட்டியில் சக்கரத்தின் கடகடப்பு, காற்றின் இரைச்சல், ஹாரன், பக்கத்தில் பேசுபவர், சுண்டல் விற்பவரின் குரல் எல்லாம் கலந்து வரும். ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலிங் என்று பெட்டியில் போட்டு விற்கும் தொழில்நுட்பம், வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி அதற்கு நேர்மாறான அலையை உண்டாக்கிச் சத்தத்தை அழிக்கிறது. சீராக நீடிக்கும் தாழ்ந்த ஒலிகளில், உதாரணமாக ஏசி பெட்டியின் இரைச்சலிலோ விமானத்தின் உறுமலிலோ, இது நன்றாக வேலை செய்யும். மனிதக் குரலிலும் திடீர்ச் சத்தங்களிலும் அவ்வளவாகச் செய்யாது. திறந்த சன்னல் காற்று மைக்கின் மேலேயே மோதும்போது, மலிவான கருவிகளில் அந்தக் காற்றே ஒரு புதிய இரைச்சலாக உள்ளே வந்துவிடுவதும் உண்டு. ‘30 டெசிபல்’ என்று அச்சிட்டிருப்பது பொதுவாக ஏதோ ஓர் அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவு. எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையும் என்று அதற்குப் பொருளில்லை. சரியாகப் பொருந்திய சாதாரண முனை, மின்சாரம் எதுவும் இல்லாமலேயே, நடு ஒலிகளையும் மேல் ஒலிகளையும் கணிசமாக மறைத்துவிடும். உங்கள் பாதைக்கு, இந்த விலையில், நான் அதைத்தான் நம்புவேன்.

வயரா புளூடூத்தா என்ற கேள்விக்கு வருகிறேன். வயர் இல்லாத ஒரு ஜோடியின் விலையில் இரண்டு மின்கலங்கள், சார்ஜ் பெட்டி, அதற்குள் இன்னொரு மின்கலம், இரண்டு புளூடூத் சிப்புகள், மைக்குகள் எல்லாம் அடக்கம். வயர் உள்ளதில் ஒலியை எழுப்பும் பாகமான டிரைவர், கூடு, வயர், ஜாக் அவ்வளவுதான். 2,000 ரூபாயில் இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஒலிக்கென்று செலவானது வயர் உள்ளதில் தெளிவாக அதிகம். ஆயுளிலும் அப்படித்தான். காதுக்குள் செல்லும் அவ்வளவு சிறிய லித்தியம் மின்கலம் தினமும் சார்ஜாகி இறங்கும்போது இரண்டு மூன்று ஆண்டுகளில் தாங்கும் நேரம் வெகுவாகக் குறைந்துவிடும். ஒட்டி மூடிய கூட்டைத் திறந்து அதை மாற்றுவது பெரும்பாலான மாடல்களில் நடக்கிற காரியம் இல்லை. இருந்தாலும் புளூடூத்தை வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். கூட்டத்தில் நின்றுகொண்டு பயணிப்பவருக்கு, வயர் யாருடைய பையிலாவது மாட்டி இழுபடாமல் இருப்பது உண்மையான வசதி. அழைப்புகளில் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். பாட்டு கேட்கும்போது ஒரு முறையிலும், மைக் தேவைப்படும்போது வேறொரு முறையிலும் புளூடூத் இயங்குகிறது. வழக்கமான அழைப்பு முறையில் குரலின் தரம் குறைக்கப்பட்டே போகிறது. அழைப்பு வந்ததும் எல்லாம் மங்கிக் கேட்பது கோளாறு அன்று. வயரில் தொங்கும் மைக் வாய்க்கு அருகில் இருப்பதால், ரயில் இரைச்சலில் எதிர்முனையில் இருப்பவருக்கு உங்கள் குரல் பெரும்பாலும் அதில்தான் தெளிவாகப் போகும்.

ஜாக் இல்லாத போனுக்கு வயர் இயர்போன் வேண்டுமென்றால் டைப்-சி டாங்கிள், அதாவது சார்ஜ் துளையில் செருகி அதன் மறுமுனையில் ஜாக்கை மாட்டும் சிறு இணைப்பான், தேவை. இங்கே பலர் ஏமாறுகிறார்கள். டைப்-சி துளை வழியாக அனலாக் ஒலியையே வெளியே அனுப்பும் போன்களும் உண்டு, டிஜிட்டலாக மட்டும் அனுப்பும் போன்களும் உண்டு. முதல் வகைக்கென்று செய்த, உள்ளே சிப் இல்லாத மலிவு டாங்கிளை இரண்டாம் வகைப் போனில் செருகினால் சத்தமே வராது. ஆகவே டிஜிட்டலை அனலாக்காக மாற்றும் டாக் சிப் உள்ளே இருக்கிறது என்று தெளிவாக எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள்; அது ஏறக்குறைய எல்லாப் போனிலும் வேலை செய்யும். இயர்போன் வயரின் ஜாக்கில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்தால் மைக் உள்ள வகை, இரண்டு இருந்தால் மைக் இல்லாதது. டாங்கிளும் மைக்கை ஏற்பதாக இருக்க வேண்டும். டாங்கிளின் விலையையும் உங்கள் 2,000 ரூபாய்க்குள்ளேயே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும், கடையில் அவற்றைக் காட்டித்தான் விற்பார்கள். 16 ஓம், 32 ஓம் என்பது மின்தடை. சென்சிட்டிவிட்டி என்பது குறிப்பிட்ட மின்சாரத்துக்கு எவ்வளவு உரக்கக் கேட்கும் என்பது. இதை ஒரு மில்லிவாட்டுக்கு என்று சிலரும், ஒரு வோல்ட்டுக்கு என்று சிலரும் எழுதுகிறார்கள். ஒப்பிடும்போது இது தெரியாவிட்டால் குழப்பம்தான். 16 ஓம் இயர்போனுக்கு ஒரு மில்லிவாட் கொடுக்கச் சுமார் 0.13 வோல்ட் போதும். ஒரு வோல்ட் கொடுத்தால் சுமார் 62 மில்லிவாட் போகும், அதாவது 18 டெசிபல் அதிகம். எனவே 16 ஓமில் ‘மில்லிவாட்டுக்கு 100 டெசிபல்’ என்பதும் ‘வோல்ட்டுக்கு 118 டெசிபல்’ என்பதும் ஒரே திறன்தான். இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும்: சாதாரண டாங்கிளே இந்த வகை இயர்போனைக் காது வலிக்கும் அளவுக்கு ஒலிக்கச் செய்துவிடும், ஆம்ப்ளிஃபயர் தேவையில்லை. ‘20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்’ என்பதற்கு, அந்த எல்லைக்குள் எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கம் என்று சேர்த்துச் சொல்லாதவரை எந்தப் பொருளும் இல்லை. 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று போட்ட பொன்னிற ‘ஹை-ரெஸ்’ முத்திரைக்காகவும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். மனிதக் காதின் மேல் எல்லை 20,000 ஹெர்ட்ஸ், அதுவும் இளம் வயதில். வயதாக ஆக அது இறங்கிக்கொண்டே வரும். ஒரு பக்கத்துக்கு மூன்று டிரைவர், நான்கு டிரைவர் என்ற பெருமையும் இந்த விலையில் வேண்டாதது. பல டிரைவர்களை ஒன்றோடொன்று இசையவைப்பது கடினமான பொறியியல். அதற்குச் செலவழிக்க இடமில்லாத விலையில், 10 மில்லிமீட்டரை ஒட்டிய ஒரே ஒரு டைனமிக் டிரைவரை (காந்தமும் கம்பிச்சுருளும் டயஃப்ரத்தை அசைக்கும் வகை) ஒழுங்காகச் செய்திருப்பதே மேல்.

எண்களைவிடப் பயனுள்ளது, எந்த ஒலிகளை எவ்வளவு தூக்கிக் கொடுக்கிறது என்ற வரைபடம். இங்கிருந்து உறுதி சற்றுக் குறைகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். திறந்திருக்கும் காதுத் துளை 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை இயற்கையாகவே உயர்த்திக் கொடுக்கும். நாம் பிறந்தது முதல் கேட்டுப் பழகியது அது. இயர்போனால் துளையை அடைத்ததும் அந்த இயற்கையான உயர்வு மாறிவிடுவதால், இயர்போனே அதே இடத்தில் ஒலியை உயர்த்திக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் கொடுக்காவிட்டால் பாடகரின் குரல் திரைக்குப் பின்னாலிருந்து வருவதுபோல் மங்கிவிடும். அளவுக்கு மீறினால் நாகசுரமும் வயலினும் காதைக் குடையும். எவ்வளவு உயர்வு பெரும்பாலோருக்குப் பிடிக்கிறது என்று ஒலிக்கருவிகள் செய்யும் ஹார்மன் நிறுவனத்தில் ஒலி ஆய்வாளர் ஷான் ஆலிவும் அவருடைய குழுவினரும் கேட்பவர்களை வைத்துப் பல ஆண்டுகள் சோதித்து ஒரு இலக்கு வளைவை வகுத்தார்கள். இன்று மலிவு விலை இயர்போன்கள் இவ்வளவு நன்றாக ஒலிப்பதற்கு அந்த ஆய்வும் ஒரு காரணம். எட்டிப்பிடிக்க ஒரு பொதுவான இலக்கு எல்லோருக்கும் கிடைத்துவிட்டது. ஆனால் அது பெரும்பாலோரின் விருப்பம் மட்டுமே. அதைவிடக் கூடுதல் பேஸ் கேட்டவர்களும் குறைவாகக் கேட்டவர்களும் அந்தச் சோதனைகளிலேயே இருந்தார்கள். தவிர, இந்த வரைபடங்கள் எல்லாம் செயற்கைக் காதுக் குழலில் மாட்டி அளந்தவை. 8,000 ஹெர்ட்ஸை ஒட்டியும் அதற்கு மேலும் தெரியும் மேடுகள், இயர்போன் எவ்வளவு ஆழம் நுழைந்திருக்கிறது என்பதைப் பொறுத்து இடம் மாறும். ஆகவே அந்தப் பகுதியை வைத்து எந்த மாடலையும் புகழவோ இகழவோ நான் துணியமாட்டேன்.

நீங்கள் கேட்கும் இசைக்கு ஏற்ப இரண்டு இடங்களைக் காதாலேயே சோதியுங்கள். முதலாவது, பெண் குரல் பாடும் பதிவில் ‘ச’, ‘ஸ’ வரும் இடங்கள். அந்த எழுத்துகள் ‘ஸ்ஸ்’ என்று ஊசியாகத் துருத்திக்கொண்டு வந்தால், ஒரு மணி நேரப் பயணத்தில் தலைவலியே வரும். இரண்டாவது, 1980களின் திரைப்பாடல்களில் பாடலோடு இழைந்து ஓடும் பேஸ் கிட்டார். அதன் ஒவ்வொரு சுரமும் தனித்தனியே காதில் விழ வேண்டும். எல்லாம் ஒரே ‘பூம் பூம்’ என்று கேட்டால் அது விற்பனைக்காக ஊதிப் பெருக்கிய பேஸ். கச்சேரியில் தம்புராவையும் கடத்தையும் அது மூழ்கடித்துவிடும். விளம்பரத்தில் ‘எக்ஸ்ட்ரா பேஸ்’ என்பதையே முதன்மையாகச் சொல்லும் மாடல்களை உங்களுக்கு நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் இதுதான்.

மின்சார ஓட்டத்துக்கு வெள்ளி பூசிய வயர் மேல் என்பது, இவ்வளவு குறுகிய நீளத்தில், காதுக்கு எட்டாத வேறுபாடு; அதற்காகத் தனிப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நூறு மணி நேரம் ஓடவிட்டால் ஒலி கனியும் என்பதையும் பலர் உறுதியாக நம்புகிறார்கள். என் அனுபவத்தில் மாறுவது பெரும்பாலும் கேட்பவரின் பழக்கமும், முனை காதில் படியும் விதமும்தான். முதல் நாளே காதைக் குத்துகிற இயர்போனை, கனியும் என்று காத்திருந்து திருப்பிக்கொடுக்கும் தேதியைக் கடத்திவிடாதீர்கள். புளூடூத்தில் எஸ்பிசி, ஏஏசி, எல்டாக் என்னும் கோடெக்குகளின், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறைகளின், வேறுபாடு அளவில் உண்மைதான். ஆனால் ஓடும் ரயிலில், இந்த விலைக் கருவியில், முனை சரியாக அடைப்பதால் வரும் வேறுபாட்டுக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

ஒரு பக்கம் கேட்காமல் போனதைப் பற்றி. பழுதுபார்க்க வரும் இயர்போன்களில் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்தான். ஒரு பக்கம் திடீரென்று இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வந்திருந்தால், குழலின் வாயில் உள்ள நுண்வலையைக் குறும்பி அடைத்திருக்கும். முனையைக் கழற்றிவிட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வலைக் கண்கள் தனித்தனியே மின்னாமல் மெழுகு பூசினாற்போல் தெரிந்தால் அதுதான். வாய் கீழே பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, உலர்ந்த மென்மையான பல்துலக்கியால் கீழ்நோக்கித் தட்டித் துடைத்தால் உதிரும். ஊசியால் குத்தினால் வலை உள்ளே போய்விடும்; தண்ணீரையோ ஸ்பிரிட்டையோ ஊற்றினால் டயஃப்ரம் போய்விடும். கழற்றிய சிலிகான் முனையை மட்டும் சோப்பு நீரில் கழுவி நன்றாக உலர்த்தலாம். மாறாக, வயரை அசைக்கும்போது விட்டுவிட்டுக் கேட்டுப் பிறகு நின்றுபோயிருந்தால், உள்ளே இழை அறுந்திருக்கிறது. ஒலியை ஓடவிட்டு, ஜாக்கின் கழுத்து, வயர் இரண்டாகப் பிரியும் இடம், காதுக் கூட்டுக்குள் நுழையும் இடம் மூன்றையும் ஒவ்வொன்றாக விரலால் மெதுவாக மடக்கிப் பாருங்கள். எங்கே மடக்கும்போது ஒலி திரும்பி வருகிறதோ அங்கேதான் முறிவு. பெரும்பாலும் ஜாக்கின் கழுத்தாக இருக்கும், ஏனென்றால் போனைச் சட்டைப் பையில் போட்டுக் குனியும் ஒவ்வொரு முறையும் வயர் மடங்குவது அந்த இடத்தில்தான். அங்கே வெட்டிப் புது ஜாக் வைக்கலாம். உள்ளே இருப்பவை எனாமல் பூசிய, தலைமுடி போன்ற செம்பு இழைகள், நடுவே வலுவுக்கு நைலான் நூல். சால்டர் முனையின் சூட்டில் எனாமலைக் கருக்கி எடுத்த பிறகுதான் ஈயம் பற்றும். அதைத் தெரிந்து செய்பவரிடம் கொடுத்தால் இயர்போன் பிழைத்துக்கொள்ளும்.

இந்தத் தொல்லைக்கு நிலையான தீர்வு, கழற்றி மாட்டும் வயர் உள்ள மாடல். 0.78 மில்லிமீட்டர் இரண்டு ஊசி வகை இன்று மலிவு மாடல்களிலேயே கிடைக்கிறது. வயர் போனால் சில நூறு ரூபாயில் வேறு வயர், மைக் வேண்டுமென்றால் மைக் உள்ள வயர். நம் ஊர் வியர்வையில் அந்த ஊசிகளில் பச்சைக் களிம்பு ஏறும் என்பது மட்டுமே இதில் கவலை. பயணம் முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட சின்ன டப்பாவில், வயரை இறுக்கிச் சுற்றாமல் தளர்வாக வளைத்து வைத்தால் போதும். இந்த மாடல்களில் வயரைக் காது மடலின் மேலே சுற்றி மாட்டுவார்கள். முதல் வாரம் அது தொல்லையாகத் தோன்றும். ஆனால் வயரின் கனம் மடலில் தங்குவதால் இயர்போன் நழுவுவது வெகுவாகக் குறையும், வயர் சட்டையில் உரசும் சத்தமும் உள்ளே அதிகம் வராது. உங்கள் இரண்டு குறைகளுக்கும் இந்த அமைப்பு நேரான மருந்து.

ஒலியளவைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. ரயில் இரைச்சலை வெல்ல வால்யூமைக் கூட்டிக்கொண்டே போவதுதான் தினசரிப் பயணிகளின் காதைக் கெடுக்கிறது. உட்செவியில் ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் கெட்டால் மீண்டும் முளைப்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் எல்லை, 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். போய்வரும் பயணத்தையே கூட்டினால் அந்த 4 மணி நேரம் உங்களுக்கு இரண்டு நாளில் தீர்ந்துவிடும். வீட்டில் அமைதியான அறையில் திருப்தியாகக் கேட்கும் வால்யூமைக் குறித்துக்கொள்ளுங்கள். ரயிலில் அதைவிட ஓரிரண்டு படிக்கு மேல் கூட்ட வேண்டியிருந்தால் முனை அடைக்கவில்லை என்று பொருள். வால்யூமைத் தொடாமல் முனையை மாற்றுங்கள். இவ்வளவு நன்றாக அடைப்பதால் வரும் ஆபத்தும் ஒன்று உண்டு: தண்டவாளத்தையோ சாலையையோ கடக்கும்போது இரண்டு பக்கமும் கழற்றியே ஆக வேண்டும், ஒலியை நிறுத்தினால் மட்டும் போதாது. காதில் சீழ், வலி, இரைச்சல் இருந்தால் இந்த வகையையே மாட்டாமல் முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

இனி பெயர்கள். 7ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ, டாங்சு வானர், ட்ரூத்இயர் ஹோலா, மூன்ட்ராப் சூ 2 ஆகிய நான்கும் ஒற்றை டைனமிக் டிரைவரும் கழற்றும் வயரும் கொண்டவை. சுமார் 20 டாலர் விலையில் அறிமுகமானவை. இந்தியாவில் 2,000 ரூபாயை ஒட்டி ஏறியும் இறங்கியும் விற்கும். கச்சேரியும் பழைய பாடல்களும் கேட்கும் உங்களுக்கு, குரல் கனிவாகவும் மேல் ஒலிகள் மென்மையாகவும் இருக்கும் வானரை நான் முதலில் சொல்வேன். வயலினின் நுணுக்கம் இன்னும் தெளிவாக வேண்டும், பேஸ் சற்றுக் குறைந்தாலும் பரவாயில்லை என்றால் சால்நோட்ஸ் ஜீரோ. இந்த வரிசை என் செவியின் தீர்ப்பு, உங்களுடையது மாறலாம். டாங்கிளையும் சேர்த்துக் கண்டிப்பாக 2,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டுமென்றால் கேஇசட் (KZ) நிறுவனத்தின் இடிஎக்ஸ் புரோ போன்ற, ஆயிரத்தை ஒட்டிய மாடலுக்கு இறங்கலாம். பேஸும் மேல் ஒலியும் சற்றுத் தூக்கலாக இருக்கும், போனில் உள்ள ஈக்வலைசரில் இரண்டையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் மைக் உள்ள வகைதானா என்று பார்த்து, திருப்பிக்கொடுக்க வசதியுள்ள இடத்தில் வாங்குங்கள். உங்கள் காதின் வடிவத்தை இங்கிருந்து யாராலும் சொல்லிவிட முடியாது என்பதால் அந்த வசதி தள்ளுபடியைவிட மதிப்புள்ளது. பெயர்பெற்ற பிராண்டு பாதி விலையில் கிடைத்தால் போலி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வந்த அன்றே தொப்பிச் சோதனையை எல்லா முனைகளோடும் செய்து, ஒரு முழு ரயில் பயணமும் கேட்டுப் பாருங்கள்; இரண்டு மூன்று முனை மாற்றியும் காது வலித்தால் தயங்காமல் திருப்பிக்கொடுத்து, குழல் மெல்லியதாக உள்ள வேறு மாடலை எடுங்கள்.